மிதிக்கிற கால்: பல் மிஷின், ராட்டை, தறி, காப்புரிமை

1

இந்தியாவில் கண்டுபிடிப்புக்குச் சட்டம் வந்த கதை, ஒரு கூலியின் காலில் கட்டியிருந்த கயிற்றிலிருந்து தொடங்குகிறது. 1856 பிப்ரவரியில் கம்பெனி அரசு ஒரு சட்டம் போட்டது. புதிதாக ஒன்றைச் செய்தவருக்கு அதன்மேல் 14 வருஷத்துக்குத் தனியுரிமை. மார்ச் 3ஆம் தேதியே முதல் மனு வந்துவிட்டது. கொடுத்தவர் கல்கத்தாவில் சிவில் எஞ்சினியராக இருந்த ஜார்ஜ் ஆல்ஃப்ரட் டிபென்னிங். எந்தக் கண்டுபிடிப்புக்காக? பங்கா இழுக்கிற மிஷினுக்காக.

பங்கா என்றால் நமக்குத் தெரியும். கூரையிலிருந்து தொங்குகிற பெரிய துணி விசிறி. துரை உள்ளே இருப்பார். கயிறு சுவர் ஓட்டை வழியாக வெளியே வரும். வராந்தாவில் கூலி உட்கார்ந்து இழுப்பான். கை ஓய்ந்துபோனால் படுத்துக்கொண்டு கால் பெருவிரலில் கயிற்றை மாட்டி ஆட்டுவான். தூங்கிப்போனால் உள்ளேயிருந்து பூட்ஸ் கால் வரும். அப்படி உதைபட்டுச் செத்தவர்கள் உண்டு. அந்த வழக்குகளில், செத்தவனுக்கு மண்ணீரல் ஏற்கெனவே வீங்கியிருந்தது என்று டாக்டர் சாட்சி சொல்ல, துரைமார் அபராதத்தோடோ லேசான சிறையோடோ தப்பித்தார்கள். காலனிய நீதித்துறையின் வரலாற்றைப் படித்தவர்களுக்கு இது புதிசில்லை.

இந்தியக் காப்புரிமையின் முதல் காகிதம் பேசுவது இந்தக் காலைப் பற்றித்தான். ஆனால் அதில் கால் கிடையாது. திறமையான மிஷின் இருக்கிறது, அதைச் செய்த எஞ்சினியரின் பெயர் இருக்கிறது. எந்த உழைப்பைக் கவனித்துப் பார்த்து, எந்த அசைவைத் திருப்பிச் செய்ய முயன்று அந்த மிஷின் பிறந்ததோ, அந்த அசைவுக்குச் சொந்தக்காரன் காகிதத்துக்கு வெளியே வராந்தாவிலேயே உட்கார்ந்திருக்கிறான். ராணியின் முன்அனுமதி வாங்காமல் போட்ட சட்டம் என்பதால் 1857இல் அதை ரத்து செய்து, 1859இல் மறுபடியும் கொண்டுவந்தார்கள். சட்டம் மாறிமாறி வந்தது. வராந்தா மாறவில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். காப்புரிமை என்பது கண்டுபிடிப்பைப் பதிகிற கருவி மட்டுமில்லை. நூறு பேர் கைமாற்றிக் கைமாற்றி வந்த ஒரு வேலையை ஓர் இடத்தில் வெட்டி, வெட்டிய இடத்தில் ஒரு பெயரை நடுகிற கருவியும் அதுதான். இலக்கியத்தில் ஆசிரியன் செத்துப்போனான் என்று பார்த்தையும் ஃபூக்கோவையும் வைத்து நம் சிறுபத்திரிகைகள் எழுதித் தீர்த்தன. காப்புரிமை அலுவலகத்தில் அவன் ஒருநாளும் செத்ததில்லை. கவிதைக்கு ஆசிரியன் யார் என்று இத்தனை சண்டை போட்ட நாம், மிஷினுக்கு ஆசிரியன் யார் என்று கேட்காமலே விட்டுவிட்டோம். தறிச் சத்தம் கேட்கிற சங்கரன்கோவில் மாதிரி ஊரில் இருந்துகொண்டு அதைக் கேட்காமல் இருப்பது நியாயமில்லை.

2

முதலில் வாய்க்குள் போவோம். பல் வைத்தியக் கருவிகளின் வரலாற்றில் இந்த வெட்டும் நடவும் பளிச்சென்று தெரியும். அங்கேயும் ஒரு கால் இருக்கிறது.

சொத்தைப் பல்லைக் குடைவதற்கு 19ஆம் நூற்றாண்டின் பாதிவரைக்கும் விரலால்தான் திருகினார்கள். நிமிஷத்துக்கு 100 சுற்று வந்தாலே பெரிசு. 1871இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் பீல் மாரிசன் என்ற பல் வைத்தியர், காலால் மிதிக்கிற பல் மிஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். மிதி, சக்கரம், வார், கப்பி, நுனியில் துளைப்பான். வைத்தியர் ஒரு காலில் நின்றுகொண்டு மறுகாலால் மிதிப்பார். நிமிஷத்துக்கு 2000 சுற்று வரை கிடைத்தது. மிதியும் சக்கரமும் வாரும் தையல் மிஷினில் ஏற்கெனவே இருந்தவை. அதற்கு முன்னால் ராட்டையில் இருந்தன, கடைசல் பட்டறையில் இருந்தன. குழித்தறியில் உட்கார்ந்து மிதிபலகையை மாற்றிமாற்றி மிதிக்கிற நெசவாளியைக் கேட்டால், காலால் வேலையை நடத்திக் கையைச் சும்மா விட்டுவைப்பதில் என்ன புதுமை என்று அவரே கேட்பார். மாரிசன் செய்தது சின்ன வேலை என்று நான் சொல்லவில்லை. தையலிலிருந்து பல்லுக்கு அதைக் கொண்டுபோனது பெரிய தாவல். அந்தத் தாவலுக்குத்தான் உரிமை. தாவுவதற்குக் காலூன்றிய தரை யாருடையது என்று சட்டம் கேட்பதில்லை.

1875இல் ஜார்ஜ் கிரீன் மின்சாரத்தில் ஓடுகிற துளைப்பானுக்கு உரிமை வாங்கினார். ஆனால் மின்சாரம் இருந்தால்தானே? நம் ஜில்லாவில் பாபநாசம் நீர்மின் நிலையம் ஓடத் துவங்கியதே 1944இல்தான். ஆகவே மாரிசனின் காப்புரிமை காலாவதியாகிப் பல தலைமுறைக்குப் பிறகும், கரண்ட் எட்டாத ஊர்களின் பல் முகாம்களில் மிதி மிஷின் ஓடியது. 1957இல் காற்று டர்பைன் துளைப்பான் சந்தைக்கு வந்து நிமிஷத்துக்கு 3 லட்சம் சுற்று என்றானது. தொழில்நுட்ப வரலாற்றை எழுதுகிறவர்கள் 1871, 1875, 1957 என்று படிக்கட்டு மாதிரி அடுக்குவார்கள். ஆனால் ஒரு கருவி எப்போது பிறந்தது என்பது காப்புரிமையின் காலம். எத்தனை நாள் உழைத்தது என்பது ஊரின் காலம். இரண்டும் ஒன்றில்லை.

மிதி மிஷினாவது யாரையும் கொல்லவில்லை. கட்டுப்பல் விஷயத்தில் கொலையே விழுந்தது. சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்தும் முறைக்கு 1844இல் உரிமை வாங்கினார். அந்த வழியில் கிடைத்த கெட்டி ரப்பர், பல்செட்டுக்கு அடித்தட்டு செய்ய வாகாக இருந்தது. அதுவரை தங்கத்திலும் தந்தத்திலும் செய்ததைப் பணக்காரர்தான் போட முடியும். ரப்பர் வந்ததும் ஏழையும் பல் கட்டலாம் என்ற நிலை வந்தது. 1864இல் ஜான் கம்மிங்ஸ் என்பவருக்கு இந்த ரப்பர் தட்டுக்கான காப்புரிமை கிடைத்தது. குட்இயர் டென்டல் வல்கனைட் கம்பெனி அதை வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு பல் வைத்தியரும் வருஷ லைசென்ஸ் கட்ட வேண்டும், கட்டும் ஒவ்வொரு பல்செட்டுக்கும் பங்கு தர வேண்டும் என்றது. கம்பெனியின் பொருளாளர் ஜோசையா பேக்கன் ஊர் ஊராகப் போய், கட்டாதவர்கள்மேல் வழக்குப் போட்டார். உச்சநீதிமன்றமும் கம்பெனி பக்கமே தீர்ப்புச் சொன்னது. 1879 ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறு. சான்பிரான்சிஸ்கோ ஹோட்டல் அறையில் சாமுவேல் சால்ஃபன்ட் என்ற பல் வைத்தியர் பேக்கனைச் சுட்டுக் கொன்றார். இரண்டு வருஷத்தில், 1881இல், காப்புரிமையும் காலாவதியானது.

கொலையை நியாயப்படுத்த இதைச் சொல்லவில்லை. கிழவி ஒருத்தி சோறு மெல்ல வேண்டும் என்பதற்கும் ஒரு கம்பெனியின் பதிவேட்டுக்கும் நடுவில் எவ்வளவு நீளமான சங்கிலி இருக்கிறது என்று காட்டத்தான் சொல்கிறேன். அந்தச் சங்கிலியின் இன்னொரு முனையில் ரப்பர் மரம் இருக்கிறது. முதலில் அமேசான் காட்டு ஆதிக்குடிகளின் மரம். 1877இல் கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. பிறகு மலாயாத் தோட்டங்களில் விடிகாலையில் பால் வெட்டியவர்கள் பெரும்பாலும் தமிழ்க் கூலிகள். ரப்பர்ப் பொருள்களைப் பற்றிய எத்தனையோ காப்புரிமைகளில் அந்தப் பால் வெட்டுக் கத்தியின் கோணத்துக்கு, அதைப் பிடித்த கையின் பழக்கத்துக்கு ஒரு வரி இடமில்லை.

பதிவேடு என்றேன். பல் வைத்தியத்தில் இன்னொரு பதிவேடும் உண்டு. நம் கிராமங்களில் பல் பிடுங்குவது, கட்டி கீறுவது எல்லாம் நாவிதர் பார்த்த வேலை. அந்தச் சமூகத்துக்கு மருத்துவர் என்ற பெயரே அதனால்தான். நகரங்களில் ஹூபே மாநிலத்துச் சீனர்கள் தலைமுறை தலைமுறையாகப் பல் கட்டினார்கள். 1920இல் கல்கத்தாவில் ரஃபியுத்தீன் அகமது முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். சென்னையில் 1953இல் வந்தது. நடுவில் 1948இன் பல் மருத்துவர் சட்டம் பதிவேட்டை இரண்டாகப் பிரித்தது. ‘ஏ’ பகுதியில் பட்டம் பெற்றவர்கள். ‘பி’ பகுதியில் பட்டமில்லாமல் குறைந்தது 5 வருஷம் இதையே பிழைப்பாகச் செய்துவந்தவர்கள். தகுதி வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நோயாளியின் உயிரோடு விளையாட முடியாது. ஆனால் ‘பி’ என்பது கையின் அறிவை ஏற்றுக்கொண்டு அதை வழியனுப்பி வைத்த பட்டியல். அந்தத் தலைமுறையோடு அது தீர்ந்துபோக வேண்டும். அவர்கள் செய்ததில் கல்லூரி கற்றுக்கொள்ளத் தக்கது ஏதும் உண்டா என்று கேட்பதற்கு அதில் இடம் வைக்கவில்லை.

3

வாயிலிருந்து நூலுக்கு வருவோம். மிதியும் சக்கரமும் அங்கிருந்துதானே வந்தன.

ரிச்சர்ட் ஆர்க்ரைட் 1769இல் உருளைகளால் பஞ்சை இழுத்து நூற்கும் மிஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். தொழிற்புரட்சியின் பிதா என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். 1785இல் லண்டன் நீதிமன்றத்தில் அந்தப் பிதாவின் உரிமைகள் பறிபோயின. தாமஸ் ஹைஸ் என்ற கைவினைஞரும் ஜான் கே என்ற கடிகாரத் தொழிலாளியும் கூண்டேறி, இது எங்களிடமிருந்து போனது என்றார்கள். அதற்குள் ஆர்க்ரைட் பெரும் பணக்காரர். ஹைஸுக்குச் சட்டம் எதையும் திருப்பித் தரவில்லை. பள்ளிக்கூடப் புத்தகமும் பெயரை மாற்றவில்லை. 1828இல் அமெரிக்காவில் ஜான் தார்ப் வளையக் கதிருக்கு உரிமை வாங்கினார். உருளையும் வளையக் கதிரும் சேர்ந்ததுதான் மில். அந்த மில் நூல் வந்து நம் ராட்டைகளை மூலையில் போட்ட கதையை விரிக்க வேண்டியதில்லை.

இனி நம் பக்கம். 1929இல் காந்தியின் அகில இந்திய நூற்போர் சங்கம் 1 லட்ச ரூபாய்ப் பரிசு அறிவித்தது. கிராமத்துக் குடிசையில் ஒரு பெண் 8 மணிநேரம் அலுப்பில்லாமல் சுற்றக்கூடிய ராட்டை வேண்டும். விலை 150 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. 20 வருஷம் உழைக்க வேண்டும். ரிப்பேர்ச் செலவு குறைவாக இருக்க வேண்டும். நிபந்தனைகளில் ஒன்றை நான் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். கண்டுபிடித்தவர் விரும்பினால் சொந்தச் செலவில் காப்புரிமை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் பரிசு வேண்டுமென்றால் அந்த உரிமையைச் சங்கத்துக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். அதாவது, உழைத்தவருக்குக் கூலி உண்டு, பொருள் பொதுவில். ஒரு சட்டத்தின் உள்ளே நின்றுகொண்டே அதைத் திருப்பிப் போடுகிற தந்திரம் இது. காந்தியோடு நமக்கு ஆயிரம் பிணக்கு இருக்கலாம். சாதி விஷயத்தில் நிச்சயமாக உண்டு. ஆனால் கருவிக்கு யார் எஜமான் என்ற கேள்வியை இவ்வளவு நேராகக் கேட்டவர்கள் அன்றைக்கு அதிகம் இல்லை. அந்தப் பரிசு கடைசிவரை யாருக்கும் கிடைக்கவில்லை.

20 வருஷம் கழித்து 1949இல், திருநெல்வேலி ஜில்லாக்காரர் ஒருவர், ஏகாம்பரநாதன், ஒரு ராட்டையைச் செய்தார். மில்லில் இருக்கிற இழுப்பு உருளையையும் வளையக் கதிரையும் சுருக்கி, கையால் சுற்றும் பெட்டியில் கொண்டுவந்தார். ஆர்க்ரைட் கைவினைஞரிடமிருந்து கொண்டுபோய் மில்லில் பூட்டியதை, இவர் மில்லிலிருந்து அவிழ்த்துக் குடிசைக்குக் கொண்டுவந்தார் என்று சொன்னால் மிகையில்லை. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் அதுவே தேசம் முழுக்கப் போனது. 1956இல் அரசு இதற்கென்றே விசாரணைக் குழு போட்டது. ஒரு கதிர் சுற்றிய இடத்தில் நாலு கதிர். பிறகு இன்னும் கூடியது. பெயர் அம்பர் சர்க்கா.

அம்பர் என்பது ஏகாம்பரநாதனின் பெயரிலிருந்து எடுத்தது. வடக்கே அம்பர் என்றால் வானம். ஆகவே அழகான தேசியப் பெயர் என்று நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. பெயர் இருக்கிறது, ஆள் இல்லை. முன்னாலும் பின்னாலும் வெட்டி நடுவில் மிச்சமானது அம்பர். காப்புரிமை ஒருவர் பெயரை நட்டு மற்றவர்களை மறைக்கிறது என்றேன். தேசியமோ பெயரை எடுத்துக்கொண்டு ஆளை மறைத்தது. இரண்டுக்கும் நடுவில் இன்னொருத்தி இருக்கிறாள். அந்த ராட்டையை நாளெல்லாம் சுற்றிய பெண். கதிர் நாலானபோது அவள் கூலியும் நாலு மடங்கானதா? ஆகவில்லை. காதி நூற்புக்கூலி மற்ற வேலைக் கூலியைவிடத் தாழ்ந்தே கிடந்தது. உரிமையைப் பொதுவில் வைத்தால் மட்டும் போதாது என்பதற்கு அவள்தான் சாட்சி.

4

இப்போது ஊருக்கு வருகிறேன். சங்கரன்கோவில் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஆடித்தபசும் புற்றுமண்ணும் பிரியாணியும். உள்ளூரில் அது பவர்லூம் ஊர். ஓடுகிற தறியின் மூதாதை, 1785இல் எட்மண்ட் கார்ட்ரைட் உரிமை வாங்கிய தறி. ஆர்க்ரைட் வழக்கில் தோற்ற அதே வருஷம். நாடா குறுக்கே பாய்வது 1733இல் இன்னொரு ஜான் கே வாங்கிய உரிமை. இங்கிலாந்து நெசவு முதலாளிகள் அவருக்குப் பங்கு தர மறுத்து, வழக்கை எதிர்கொள்ளத் தங்களுக்குள் சங்கமே வைத்துக்கொண்டார்கள். அவர் பிரான்சுக்குப் போய் அங்கேயே செத்தார். அந்த உரிமைகள் எல்லாம் முடிந்து இருநூறு வருஷமாகிறது. நாடாத் தறியை இன்றைக்கு யார் வேண்டுமானாலும் செய்யலாம், மாற்றலாம், விற்கலாம். நம் ஊரில் சின்ன மனுசனும் நாலு தறி போட முடிந்ததற்கு, முடிந்துபோன காப்புரிமையும் ஒரு காரணம். இதை நாம் பேசுவதில்லை.

ஆனால் தறிக்காரரிடம் கூலிக்கு ஓட்டுகிறவருக்கு இதனால் என்ன? துணி அளவுக்குக் கூலி. கூலி உயர்வுக்கு ஒவ்வொரு தடவையும் வேலைநிறுத்தம், பேச்சுவார்த்தை. இழை அறுந்தால் எந்தச் சத்தம் வரும், நாடா எங்கே தட்டுகிறது என்று காதாலேயே சொல்கிறார். தேய்ந்த பாகத்துக்குப் பதில் வேறு பாகம் வைத்து ஓட்டச் சொல்லி ஃபிட்டருக்கு யோசனை தருகிறார். ஃபிட்டர் லேத் பட்டறையில் கடைந்து மாட்டுகிறார். ஓடுகிறது. அடுத்த தெருவும் அதையே செய்கிறது. இதுவும் கண்டுபிடிப்புதான். எந்தப் பதிவேட்டிலும் ஏறாத கண்டுபிடிப்பு.

சரி, ஏற்றலாமே என்பார்கள். இன்றைய விதிப்படி காப்புரிமை விண்ணப்பத்தை இந்தியிலோ ஆங்கிலத்திலோதான் கொடுக்க வேண்டும். அலுவலகம் சென்னையில் இருக்கிறது, தமிழ் அதில் செல்லாது. ஒரு கம்மியர் தமிழில் யோசித்து, தமிழில் பேர் வைத்து, தமிழில் விளக்கிய மிஷின், வக்கீலின் ஆங்கிலத்தில் போய் வேறொன்றாக வரும். சம்பளத்துக்கு இருப்பவர் என்றால் ஒப்பந்தப்படி கம்பெனியே உரிமையை எழுதி வாங்கிக்கொள்ளும். அவர் பெயர் மட்டும் கண்டுபிடிப்பாளர் என்று மூலையில் வரலாம்.

இதற்கு மாற்றாகத் தமிழன் கண்டுபிடித்தான் என்று மார்தட்டுவதும் எனக்கு உவப்பில்லை. கலங்கல் கிராமத்தில் 1893இல் பிறந்த ஜி.டி. நாயுடுவை இந்தியாவின் எடிசன் என்கிறோம். பஸ் ஓட்டத் தொடங்கி மின்சார ரேசர் வரை செய்த மனுசருக்கு எடிசன் பட்டம் எதற்கு? எடிசன் பெயரிலிருக்கும் 1093 அமெரிக்கக் காப்புரிமைகளுக்குப் பின்னால் ராத்திரி பகலாக உழைத்த ஒரு பட்டறையே இருந்தது. நாயுடுவின் பட்டறைக்காரர்கள் யார், அவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்பதுதான் அவருக்கும் மரியாதை.

அப்படியானால் என்ன செய்ய? காப்புரிமையை எரித்துவிடலாம் என்று எளிதாகச் சொல்ல முடியாது. அதில் நமக்குப் பயன்படும் ஒரு பாதி இருக்கிறது. உரிமை வேண்டுகிறவர் மிஷினை எப்படிச் செய்வது என்று படத்தோடு ஊரறியச் சொல்லியாக வேண்டும். 20 வருஷம் முடிந்தாலோ, நடுவில் கட்டணம் கட்டாமல் விட்டாலோ அது பொதுச்சொத்து. பல் நாற்காலி, துளைப்பான், தறி, நெல் அவிக்கிற பாய்லர் என்று இப்படிக் காலாவதியானவை குவிந்து கிடக்கின்றன. காசில்லாமல் தேடிப் படிக்கலாம். படிக்க முடியாதபடி தடுப்பது மொழி. சிறுபத்திரிகைக்காரர்கள் லத்தீன் அமெரிக்க நாவலையும் பிரெஞ்சுத் தத்துவத்தையும் மொழிபெயர்த்த உழைப்பில் பத்தில் ஒரு பங்கை இதற்குச் செலவிட்டால், ஒரு லேத் பட்டறைக்குப் புரியும் தமிழில் அந்தக் காகிதங்களைக் கொண்டுவர முடியும். அரசியலும் அதில்தான் இருக்கிறது.

சட்டத்தையும் கவனிக்க வேண்டும். 1970ஆம் வருஷச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, மனிதருக்குச் செய்யும் சிகிச்சை முறைக்குக் காப்புரிமை இல்லை என்கிறது. பல்லை எப்படிக் கட்டுவது என்ற வைத்திய முறையை இங்கே ஒரு கம்பெனி சொந்தம் கொண்டாட முடியாது. கருவிக்கும் பொருளுக்கும் முடியும். அதே சட்டம் மருந்தின் செய்முறைக்குத்தான் உரிமை, மருந்துக்கே இல்லை என்று வைத்திருந்தது. உலக வர்த்தக அமைப்பின் நெருக்கடியால் 2005இல் அது போய்விட்டது. ஒரு வேலி இப்படிச் சாய்ந்த பிறகு, மிச்சமுள்ள வேலியை யார் பார்த்துக்கொள்வது? பல்செட்டுக்குக் காசில்லாமல் பொக்கைவாயோடு கஞ்சி குடிக்கிற கிழவிக்காக அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் நாம்தான்.

இன்னொரு வேலையும் பாக்கி. தறி ஃபிட்டர்களும் லேத் பட்டறைக்காரர்களும் மிதி மிஷின் ஓட்டியவர்களும் செய்த சின்னச் சின்ன மாற்றங்களை, யார் சொல்லி யார் செய்து எந்தத் தெருவில் முதலில் ஓடியது என்று தமிழில் எழுதி வைக்க வேண்டும். பதிவு எழுத்தில் இருந்தால், ஏற்கெனவே பொதுவில் இருப்பதை நாளைக்கு ஒரு கம்பெனி புதிசு என்று பூட்டிக்கொள்ள வரும்போது, இது முன்பே தெரிந்தது என்று ஆட்சேபிக்கலாம். சட்டம் அதற்கு இடம் தருகிறது. அந்த நோட்டில் ஒரு வரிக்கு ஒரு பெயர் போதாது. சொன்னவர், செய்தவர், ஓட்டியவர் என்று மூன்று பெயராவது எழுத இடம் விட வேண்டும்.